கொழும்பு போட்ட புள்ளடி

புஷ்பத்தைத் தலைவியாக்கியது அவளுடைய வாய்தான். குருவிட்டவுக்கு மேலே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அவளைவிட மூத்த பெண்கள் இருந்தார்கள். நாலு எழுத்துப் படித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் துரையின் முகத்தை நேரே பார்த்து, "நீங்க ஒருநா இந்த லயத்துல வந்து படுத்துப் பாருங்க தொரே, கூரை ஒழுகுதா இல்லையான்னு அப்ப தெரியும்" என்று கேட்கிற வாய் வேறு யாருக்கு இருந்தது? தோட்டத்தைக் கொழும்புக் கம்பனி ஒன்று எடுத்த தொண்ணூற்றிரண்டாம் வருஷம் அவள் அப்படிக் கேட்டாள். இடுப்பில் மகள் ஷாமிளா விரல் சூப்பிக்கொண்டிருந்தாள். துரை திட்டவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நின்றுவிட்டு, அந்த மாதமே லயத்து வீட்டு வரிசைக்குக் கூரைத் தகரம் அனுப்பினார். தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் அவளை மாதர் தலைவியாக்கினார்கள். பழைய தலைவர் வேலையை விட்டுப் போனதும், ஆம்பிளைகளே கூடி அவளைத் தோட்டத்துக்கே தலைவியாக்கிவிட்டார்கள்.

அவள் புருஷன் சின்னத்தம்பி மாணிக்கக் குழியில் சேறு அள்ளுகிறவன். பௌர்ணமிப் போயாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மட்டும் வீட்டில் தலை காட்டுவான். "ஊருக்கெல்லாம் நீ பேசப் போறே, எனக்கு ஒரு வாய் தேத்தண்ணி ஊத்த ஆளில்ல" என்று முணுமுணுப்பானே தவிர, குழிக்குத் திரும்பியதும் கூட்டாளிகளிடம் தன் பெண்சாதி தலைவி என்று பீற்றிக்கொள்வான் என்று கேள்வி.

தலைவி என்றால் என்ன பெரிய சுகம்? விடியக்காலை எல்லோரையும் போல மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்ட வேண்டும், சிரட்டையைக் கவிழ்க்க வேண்டும், வாளியைச் சுமக்க வேண்டும். அதற்குப் பிறகு ஊர்ச் சண்டை, சம்பளச் சண்டை, தண்ணீர்க் குழாய்ச் சண்டை. அவள் எதற்கும் சலித்துக்கொண்டதில்லை. அவளைச் சாய்த்தது ஒரு பாலம்தான்.

அந்தத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் ஆற்றைக் கடந்து, அக்கரைச் சிங்களக் கிராமத்துக்குள் நடந்து, அதற்கும் அப்பால் மேற்பிரிவில் இருக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். ஆற்றின் குறுக்கே கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்த பழைய பாலத்தை இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்து மே மாத வெள்ளம் கொண்டு போய்விட்டது.

பாலம் போனதும் புஷ்பம் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! பிரதேச சபையில் கேட்டால், அது தோட்டத்துப் பாலம், தோட்டத்துக்குள் சபை கை வைக்க முடியாது என்றார்கள். துரையைக் கேட்டால், கொழும்பிலிருந்து உத்தரவு வர வேண்டும் என்றார். கொழும்புக்குச் சங்கத்தின் மூலம் எழுதிக் கேட்டால், பாலம் என்பது அரசாங்கத்தின் வேலை என்று பதில் வந்தது. அந்தப் பாலம் யாருடையது என்ற சந்தேகம் ஆற்றுக்கு மட்டும்தான் வரவில்லை. அது பாட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போனது.

கடைசியில் லயத்து ஆம்பிளைகளும் கிராமத்து ஆம்பிளைகளும் சேர்ந்து இரண்டு கித்துள் மரத்தை வெட்டி ஆற்றின் மேலே போட்டு, பக்கத்தில் பிடித்துக்கொள்ள மூங்கிலைக் கட்டி, ஏதண்ட என்கிற மரப்பாலம் ஒன்றை அமைத்தார்கள். மரம் கொடுத்தது அக்கரையில் கடை வைத்திருந்த ஜினதாச முதலாளி. ஏதண்டவின் அந்தப் பக்கத்து நுனியும் அவர் காணியில்தான் ஊன்றி நின்றது. பிள்ளைகள் அதில் ஒவ்வொருவராக, பக்கவாட்டில் காலை நகர்த்தி நகர்த்திப் போவார்கள். மழை வந்தால் மரம் பாசி பிடித்து வழுக்கும். ஒரு பிள்ளை விழுந்து, கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் தூக்கிப் பிழைக்க வைத்த பிறகு, பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். நின்ற பிள்ளைகள் என்ன செய்யும்? கொழும்பில் யார் வீட்டிலாவது பாத்திரம் கழுவப் போகும்.

ஷாமிளா நிற்கவில்லை. அவள் பத்தாம் வகுப்பு. கணக்கென்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அடுத்த வருஷம் ஓ.எல். பொதுப் பரீட்சை எழுத வேண்டும். அந்த லயங்களிலிருந்து ஒரு பெண் பிள்ளை ஓ.எல். எழுதியதாகச் சரித்திரமே இல்லை. தினமும் காலையில் பால்மரத்தடியில் நின்றபடி புஷ்பம் ஆற்றுப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அக்கரை சேர்ந்ததும் மகள் "அம்மோவ்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அதற்குப் பிறகுதான் புஷ்பத்துக்கு மூச்சு வரும். அவளுக்கு ஒரு பாலம் வேண்டும். அவ்வளவுதான். இந்த உலகத்தில் அவள் வேறெதையும் கேட்கவில்லை.

வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் மாகாண சபைத் தேர்தல் வந்தது. ஜினதாச முதலாளி வேட்பாளராக நின்றார். அவர் கட்சியில் பட்டணத்துப் பெரிய மனிதர்கள் நிறையப் பேர் நின்றார்கள். கிராமத்திலிருந்து இவர் ஒருவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே ஏதண்டவைக் கடந்து லயத்துக்கு வந்து, புஷ்பத்தின் வாசலில் உட்கார்ந்து, வெறும் தேத்தண்ணி குடித்தார். புஷ்பத்துக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

"நங்கி, ஒரு தங்கச்சிகிட்டச் சொல்றாப்ல சொல்றேன், என் ஊர் ஓட்டு மட்டும் காணாது. ஒங்க லயத்து ஓட்டும் வந்தாத்தான் நான் சபைக்குப் போகலாம். டவுன்காரனுக்கு நம்ம ஆறும் தெரியாது, பாலமும் தெரியாது. நான் போனா மொதல் வேலை பாலம். என் பேத்தியும் அதுலதான் நடக்கணும்" என்றார்.

"போட்டா எங்களுக்குப் பாலம் வருமுங்களா மாத்தயா?"

"வராட்டி இந்த ஆத்துலயே என்னைத் தள்ளு."

புஷ்பம் சிரித்துவிட்டாள். நல்ல மனுஷன், பொய் சொல்கிற முகம் இல்லை என்று அவளுக்குப் பட்டது. அந்தச் சமயத்தில் சங்கமும் அதே கட்சியோடுதான் இருந்தது. சங்கத்தின் ஜில்லா பிரதிநிதி கஜேந்திரன் வேனில் வந்து, மாலை போட்டுக்கொண்டு, தப்படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நம்ம ஓட்டெல்லாம் ஜினதாசவுக்குத்தான், கொழும்புல பேசி முடிச்சாச்சு" என்று அறிவித்துவிட்டுப் போனான்.

புஷ்பத்துக்கு ஒரே ஒரு பயம். ஒவ்வொரு தேர்தலிலும் கடைசி நாளில் யாராவது கசிப்புச் சாராயப் போத்தல்களோடு லயத்துக்குள் நுழைவான், ஓட்டு நாலா பக்கமும் சிதறும். இந்த முறை ஒன்றுகூடச் சிதறக் கூடாது. அவள் எல்லோரையும் ஆற்றங்கரை மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டாள். கற்பூரத்தைக் கொளுத்தி வைத்து, முதலில் தானே உள்ளங்கையால் அதை அடித்து அணைத்தாள். "ஓட்டுச் சீட்டுல கட்சிச் சின்னத்துக்கு ஒரு புள்ளடி, ஆளுக்குன்னு ஜினதாச மாத்தயா நம்பருக்கு ஒரு புள்ளடி. மாறிப் போட்டா ஆத்தா என்னைக் கேக்கட்டும்" என்றாள். ஓட்டுரிமை உள்ள அத்தனை பேரும் வரிசையில் வந்து கற்பூரம் அணைத்தார்கள். போத்தலுக்குப் பேர்போன கிழவர்கள்கூடத் தப்பாமல் அணைத்தார்கள். அக்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கிராமத்துப் பையன்கள் ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னார்கள். அவர் அன்றைக்குக் கோயிலுக்கு ஒரு தார் வாழைப்பழம் அனுப்பினார்.

ஓட்டுக்கு ஒரு கிழமை இருக்கும்போது கஜேந்திரனின் வேன் மறுபடியும் வந்தது. இந்த முறை மாலைக்கு நிற்கவில்லை.

"அக்கா, கொழும்புல முடிவு மாறிருச்சு. மத்தக் கட்சிக்குத்தான் போடணும்."

"என்னங்கய்யா இது? அன்னைக்குத்தானே வந்து மால வாங்கிக்கிட்டுப் போனீங்க!"

"அது அன்னைக்கி. இப்ப பெரியவங்க அந்தப் பக்கம் பேசி முடிச்சிட்டாங்க. ஆளு ரத்தினபுரி டவுன் ஆளு. பெரிய இடம்."

"அந்த ஆளுக்கு எங்க ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியுமா?"

கஜேந்திரன் பொறுமையாகத்தான் பேசினான். அவனும் ஒரு லயத்தில் பிறந்தவன்தான். இரத்தினபுரி ஆபீசில் உட்கார்ந்து சட்டை வெளுத்திருந்தது. "ஒங்க ஒரு தோட்டத்த மட்டும் பாத்துக்கிட்டுக் கட்சி நடத்த முடியுமா அக்கா? கொழும்புலேர்ந்து பாத்தாத்தான் எல்லாம் முழுசாத் தெரியும்."

"கொழும்புலேர்ந்து பாத்தா எங்க ஏதண்ட தெரியுதுங்களா?"

"சங்கம் சொன்னதக் கேக்காட்டி நாளைக்கு ஒரு பிரச்சினையின்னா சங்கம் வராது. பாத்துக்கங்க" என்றான்.

புஷ்பத்துக்குத் தெரியாதா என்ன? சங்கம் கைவிட்டால் அந்தத் தோட்டத்துக்கு நாதி கிடையாது. துரை நாளைக்கே பாதிப் பேரை வேலையில்லை என்று நிறுத்தினால் போய்ப் பேச ஒரு ஆள் வேண்டாமா? அவளுடைய வாய் துரை வரைக்கும்தான் செல்லும். கொழும்பில் கம்பனிக்காரன் முன்னால் உட்கார்கிறவர்கள் இவர்கள்தானே.

"சத்தியம் பண்ணிட்டோங்கய்யா. எல்லாரும் கற்பூரம் அணைச்சிட்டோம்."

"அதுக்கென்ன, பரிகாரம் பண்ணிட்டாப் போச்சு" என்று அவன் வேனைத் திறந்தான். உள்ளே நீற்றுப் பூசணிக்காய்கள் அடுக்கியிருந்தன. மற்றத் தோட்டங்களிலும் இதே கூத்துத்தான் போலிருக்கிறது. ஐயா தயாராகவே வந்திருந்தார்.

அங்கேதான் புஷ்பம் ஒரு கணக்குப் போட்டாள். சத்தியம் செய்தது நாங்கள். பூசணிக்காயை உடைக்கப் போகிறவன் அவன். அணைத்த கைதானே திருப்பி எடுக்க வேண்டும்? அவன் உடைத்துவிட்டுப் போகட்டும். நாங்கள் வாயைத் திறக்காமல் நின்றால் ஆத்தாவுக்குத் தெரியாதா, எங்கள் சத்தியம் அப்படியே இருக்கிறதென்று? சங்கத்தையும் பகைத்துக்கொள்ள வேண்டாம், முதலாளிக்கும் துரோகம் வேண்டாம். லயம் லயமாகப் போய் அவள் இதைக் காதோடு காதாகச் சொன்னாள். எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. ஐயோ, அந்த லயத்துக்கு வெளியே வேறு யாருக்கு அது நியாயமாகப் படும்?

கோயில் வாசலில் தப்படித்தார்கள். கஜேந்திரன் குங்குமம் தடவிய பூசணிக்காயைச் சுற்றி ஓங்கி உடைத்தான். "ஆத்தா, இந்த மக்கள் தெரியாம பண்ணின சத்தியத்த நீ பொறுத்துக்க!" என்று கத்தினான். லயத்துச் சனம் முழுதும் கைகட்டி, வாய் திறக்காமல் நின்றது. தப்புச் சத்தம் கேட்டு அக்கரையில் கிராமத்துச் சனமும் கூடி நின்று பார்த்தது.

ஓட்டு நாளில் வேன் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனது. ஏற்றிப் போனவன் வாசலில் நின்று மற்றக் கட்சியின் நம்பரை நினைவூட்டினான். சரிங்கய்யா, சரிங்கய்யா என்று தலையாட்டிவிட்டு உள்ளே போன அத்தனை பேரும், கற்பூரத்தில் சொன்ன இடத்திலேயே புள்ளடியைப் போட்டார்கள். திரும்பி வரும்போது புஷ்பத்துக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆறு, தோட்டம், சங்கம், ஆத்தா எல்லாவற்றையும் ஒரே நாளில் சமாளித்துவிட்ட சந்தோஷம்.

மறுநாள் முடிவு வந்தது. ஜினதாச முதலாளி மயிரிழையில் தோற்றார். மற்றத் தோட்டங்கள் பூசணிக்காய்க்குக் கட்டுப்பட்டுவிட்டன. அதைவிடப் பெரிய இடி மத்தியானம் விழுந்தது. கொழும்பில் சங்கத்துப் பெரியவர் ஒருவர், கழுத்தில் மாலையோடு தொலைக்காட்சியில் தோன்றினார். சப்ரகமுவ மாகாணத்துத் தோட்ட மக்கள் ஒருவர் தவறாமல் தங்கள் சொல்லைக் கேட்டு, சொன்ன இடத்தில் புள்ளடி போட்டார்கள் என்று தமிழிலும் சிங்களத்திலும் நன்றி சொன்னார். முதலாளியின் கடைத் தொலைக்காட்சியில் கிராமமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலையில் ஷாமிளாவின் "அம்மோவ்" கேட்கவில்லை. புஷ்பம் பால்வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளை இக்கரையிலேயே புத்தகப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதண்ட இல்லை. அக்கரை நுனியைக் கிளப்பி, கித்துள் மரம் இரண்டையும் ஆற்றோடு தள்ளிவிட்டிருந்தார்கள்.

சேறு படிந்த சீலையைக்கூட மாற்றாமல், டவுனைச் சுற்றி இரண்டு பஸ் பிடித்து, புஷ்பம் முதலாளியின் கடைக்குப் போனாள். அவர் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"மாத்தயா, நாங்க ஒங்களுக்குத்தான் போட்டோம். அத்தன பேரும்."

"ஒங்க தலைவருங்க டீவியில சொன்னத நான் ரெண்டு காதாலயும் கேட்டேன் நங்கி."

"அது கொழும்புல இருந்து சொன்னது. அவங்களா எங்க கையப் பிடிச்சுப் புள்ளடி போட்டாங்க? இப்பவே கற்பூரம் கொளுத்துங்க, நான் அணைக்கிறேன்."

முதலாளி தராசைக் கீழே வைத்தார். கோபத்தைவிட வருத்தம்தான் அந்த முகத்தில் அதிகமாக இருந்தது. "அன்னைக்கும் கொளுத்துனீங்க. பொறகு புஹுல் ஒடைச்சீங்க. எங்க வீட்டுலயும் சூனியம் கழிக்கப் புஹுல் வெட்டுவோம், எதுக்கு வெட்டுறதுன்னு எங்களுக்குத் தெரியாதா? இன்னைக்கு நீ கற்பூரம் அணைச்சா நாளைக்கு எத வெட்டுவே?"

"நாங்க ஒடைக்கல மாத்தயா! வெளியாளு ஒடைச்சான். நாங்க வாயத் தொறக்கல."

"அதத்தான் நானும் சொல்றேன். ஊரே பாத்துக்கிட்டு நின்னுச்சு. ஒருத்தராவது வேணாம்னு வாயத் தொறந்தீங்களா?"

புஷ்பம் கடை வாசலில் அப்படியே குந்திவிட்டாள். பெட்டிக்குள் போட்டதை எடுத்துக் காட்ட முடியுமா? யார் யாருக்குப் போட்டார் என்று தெரியக்கூடாது என்பதற்காகத்தானே மறைப்புக் கட்டிப் போடச் சொல்கிறார்கள். பார்த்தது ஆத்தா ஒருத்திதான். அவளைச் சாட்சிக்குக் கூப்பிடவும் வழி இல்லாமல் போய்விட்டது.

"ஏதண்டயத் தூக்கச் சொல்லி நான் சொல்லல" என்றார் முதலாளி, அவள் எழுந்து போகும்போது. "ஆனா பையங்க கேட்டப்ப வேணாம்னும் சொல்லல. என் வாய்க்கு வரல."

ஒரு மாதம் கழித்துக் கஜேந்திரன் வந்தான். வேனிலிருந்து இறங்கும்போதே முகம் கடுகடுத்தது.

"ஏமாத்திட்டீங்களே அக்கா! ஓட்டு எண்ணுற எடத்துல நம்ம ஆளு நின்னு பாத்தான். ஜினதாச பக்கம் எண்ணப் போன டவுன்காரனுக்கு எது ஒங்க பொட்டின்னே தெரியாது, எங்க ஆளுக்குத் தெரியும். ஒங்க பொட்டியில எங்களுக்கு ஒண்ணுமே இல்ல. வழிச்சுத் தொடச்சு எல்லாம் ஜினதாசவுக்கு!"

புஷ்பத்துக்குத் திட்டு காதில் ஏறவில்லை. அவள் கண் விரிந்துவிட்டது. இத்தனை நாள் யாரைத் தேடினாளோ அந்தச் சாட்சி தானாக வேனில் வந்து இறங்கியிருக்கிறது!

"ஐயா, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்! அத வந்து முதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. ஒங்க வாயால சொன்னா அவரு நம்புவாரு. என் புள்ளைக்குப் பள்ளிக்கூடம் போச்சுங்கய்யா. வாங்க, இப்பவே போவோம்." அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தேவிட்டாள்.

அவன் கையை விடுவித்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான். "வெளங்காமப் பேசாதீங்க. சப்ரகமுவ ஓட்டு முழுசும் நாங்க வாங்கித் தந்தோம்னு சொல்லித்தான் பெரியவருக்குக் கொழும்புல நாற்காலி கெடைச்சிருக்கு. இந்த லயம் போடலன்னு நானே ஊருக்குள்ள போயிச் சொல்றதா? என் வேல போயிரும்."

"அப்ப நாங்க?"

"நீங்க போட்டீங்கன்னு கொழும்பு நம்புது. அது ஒங்களுக்கு நல்லதுதானே? இதோட விடுங்க" என்று சொல்லிவிட்டு, ஆனாலும் இனி தலைவி வேலை வேண்டாம், வேறு ஆளைப் போடுகிறோம் என்றும் சொல்லிவிட்டு அவன் போனான். அவனுக்கு அவள்மேல் கோபம். முதலாளிக்கும் அவள்மேல் கோபம். இரண்டு பேரும் ஒரே ஓட்டுக்காகத்தான் கோபப்பட்டார்கள். இந்த அநியாயத்தை அவள் எங்கே போய்ச் சொல்வாள்?

ஷாமிளா டவுனைச் சுற்றிப் பள்ளிக்கூடம் போய்ப் பார்த்தாள். தோட்டத்துப் பாதையில் இறங்கி நடந்து, முதல் பஸ் பிடித்து, டவுனில் காத்து நின்று மற்ற பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது கணக்குப் பாடம் முடிந்திருக்கும். மழை நாளில் பாதி வழியில் திரும்பி வருவாள். அடுத்த வருஷம் ஓ.எல். வந்தபோது அவள் போகவில்லை. புஷ்பம் கெஞ்சினாள், அழுதாள், ஒரு முறை அடித்தும்விட்டாள். பிள்ளை அடியை வாங்கிக்கொண்டு, "தெரியாத பாடத்த எப்படிம்மா எழுதுறது?" என்று மட்டும் கேட்டாள். சின்னத்தம்பி குழிக்குப் போகாமல் ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி கொழும்பில் சட்டை தைக்கிற கார்மெண்ட் ஆலையில் இருந்தாள். அவள் மூலமாக ஷாமிளாவுக்கும் இடம் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லப் புஷ்பத்திடம் என்ன இருந்தது?

போகிற நாள் காலையில் தாயும் மகளும் மெயின் ரோட்டில் கொழும்பு பஸ்ஸுக்காக நின்றார்கள். சுவர்களில் அடுத்த தேர்தலின் முகங்கள் ஒட்டியிருந்தன. ஷாமிளா அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கவா? ஏசக் கூடாது."

"கேளு."

"அன்னைக்கு வேன்ல வந்த ஐயா சொன்ன மாதிரியே நீங்க எல்லாரும் போட்டிருந்தாலும் ஏதண்டயத் தூக்கியிருப்பாங்கதானே?"

"ஆமா."

"போடாததுக்கும் தூக்கிட்டாங்க."

புஷ்பம் பஸ் வருகிற வளைவைப் பார்த்தாள்.

"அப்ப நம்ம ஓட்டு எதுக்கும்மா?"

பஸ் வந்துவிட்டது. புஷ்பம் குனிந்து பையைத் தூக்கி மகளிடம் கொடுத்தாள்.